இரண்டாவது தலையணை

6 பிப்ரவரி 2023

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். அம்மா இறந்த அன்று, இனி உன் குரலே என் காதில் விழக் கூடாது என்று சொன்னேன். அதில் மாற்றம் இல்லை. அதனால்தான் தொலைபேசியில் அழைக்கவில்லை. நீயும் அழைக்காதே. சொல்ல வேண்டியதை எழுது.

2025 ஜனவரி 8ஆம் தேதி ஒரு கப்பல் புறப்படுகிறது. நூற்றுப் பன்னிரண்டு நாள் பயணம். அதில் ஒரு ஸ்வீட் பதிவு செய்திருக்கிறேன். நீ அதை ‘சூட்’ என்று சொல்வாய். ஸ்வீட் என்றுதான் உச்சரிக்க வேண்டும். படுக்கையறை, உட்காரும் அறை, பளிங்குக் குளியல் தொட்டி, கடல் பார்த்த பால்கனி என்று தனி வீடு போல இருக்கும். கப்பலிலேயே பன்னிரண்டுதான். இரண்டு வருடம் முன்னதாகப் பதிந்தால்தான் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தியது. அறை எண் 914. இப்போதே எண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

இருவருக்கான அறை. இரண்டாவது இடத்தில் உன்னைப் போட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். தனியாக நீண்ட பயணம் வேண்டாம் என்கிறார் மருத்துவர். பெரிதாக ஒன்றுமில்லை, வயதுக்கு உரியதுதான். அதைப் பற்றிக் கேட்காதே.

பாஸ்போர்ட் எடுத்துக்கொள். வருவாயா என்று ஒரு வரியில் தெரிவி.

அக்கா


19 பிப்ரவரி 2023

அன்புள்ள குண்டூசி அக்காவுக்கு வாயாடி எழுதுவது.

நான் உயிரோடுதான் இருக்கிறேன். நீயும் இருக்கிறாய் என்று கடிதம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சந்தோஷம். என் பெயரைக்கூட எழுதாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாய். கடன்காரிக்கு வக்கீல் எழுதுவது மாதிரி இருந்தது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள் என்று உனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ‘ஸ்வீட் பதிவு செய்திருக்கிறேன்’ என்று கூட்டிப் படித்து முடித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அக்கா கல்யாணத்துக்கு இனிப்பு சொல்லியிருக்கிறாள்! ஐம்பத்தெட்டு வயதில் எவனோ மாட்டியிருக்கிறான்! என் சலவைக் கடைக்கு எதிர்க்கடைக்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் தையல்காரரிடம் சொன்னார். மீதியைச் சாயங்காலம் படித்த பிறகுதான் அது அறை என்று தெரிந்தது. அதற்குள் தெருவே கேட்க ஆரம்பித்துவிட்டது, ‘மாப்பிள்ளைக்கு என்ன வேலை?’ என்று. ‘கப்பல்’ என்று சொல்லிவைத்திருக்கிறேன். பொய் இல்லையே.

எனக்குத் தெரிந்த சூட் ஒன்றுதான். கோட்டும் பேண்டும் சேர்ந்தது. அக்குளில் வேர்வைக் கறையோடு வரும்.

அக்கா, உன் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. முன்னெல்லாம் குண்டூசி குத்தின மாதிரி நேராக நிற்கும். கேட்காதே என்றாய், கேட்கவில்லை. பார்த்ததைச் சொன்னேன்.

சலவைக் கடையில் நாங்கள் ஒரு சீட்டு வைத்திருப்போம். எவ்வளவு தேய்த்தும் கறை போகாத துணியில் அதை ஊக்கால் குத்திக் கொடுப்போம். ‘எங்களால் ஆனதெல்லாம் செய்தோம். இந்தக் கறை போகாது. வருந்துகிறோம்.’ மூன்றே வரி. அதைப் பார்த்துவிட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வர முடியாது. அம்மா கடைசி நாலு மாதம் என் கடைப் பின்னறையில் கிடந்தாள். படுக்கையிலேயே எல்லாம். நாளுக்கு ஆறு விரிப்பு துவைத்தேன். அவள் போன அன்று நீ வந்து வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாய். உள்ளே காலை வைக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துவிட்டேன். அதற்குத்தானே என் குரலே வேண்டாம் என்றாய்? அன்றைக்கே உன் முதுகில் அந்தச் சீட்டைக் குத்தி அனுப்பியிருக்கலாம். குத்தவில்லை. ஏதோ ஒரு நப்பாசை.

ஒரு வரியில் கேட்டாய். இதோ: வருகிறேன்.

நான் இந்த ஊர் எல்லையைத் தாண்டியதே இல்லை, அக்கா. கடலை நாள்காட்டியில்தான் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனால் ‘சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க’ என்று ஏழு தடவை சொன்னான். எட்டாவது தடவை அவனும் சிரித்துவிட்டான்.

உன் வாயாடி


2 செப்டம்பர் 2023

உன் கடிதத்தில் இருபத்தொரு எழுத்துப் பிழைகள். எண்ணினேன்.

பயணத்துக்கு இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது. அதற்குள் சில விஷயங்கள் பழக வேண்டும். முள்கரண்டியும் கத்தியும் பிடிக்கக் கற்றுக்கொள். வாய் திறந்து சிரிக்காதே. யாராவது என்ன வேலை என்று கேட்டால் ‘வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல். அம்மா எங்கே வேலை பார்த்தாள் என்று கேட்டால் ‘மருத்துவமனையில்’ என்று சொல்லி நிறுத்திவிடு. அங்கே அழுக்குத் துணி துவைத்தாள் என்பதையும், நாம் இருவரும் அந்த மூட்டைகளின் மேல் தூங்கி வளர்ந்தோம் என்பதையும் அந்த மேசையில் யாரும் கேட்கப் போவதில்லை. நீயும் சொல்லப் போவதில்லை.

உன் கைகளில் எப்போதும் வெளுப்பு மருந்தின் வாடை. கையுறை அனுப்பியிருக்கிறேன்.

நூற்றுப் பன்னிரண்டு நாள் கடையைப் பூட்டிவைக்க முடியாவிட்டால் விட்டுவிடு. உனக்கும் வயதாகிறது. திரும்பி வந்ததும் என் வீட்டுப் பின்னறையில் நீ இருந்துகொள்ளலாம். சன்னல் இருக்கிறது. தனிக் குழாய் இருக்கிறது.

அக்கா


14 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு.

தாமதத்துக்குக் கோபிக்காதே. பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று நாலு தாளைக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதிலும் பிழை இருந்தால் கப்பலில் என்னை மூலையில் நிற்க வை.

கையுறை வந்தது. அழகோ அழகு. அதைப் போட்டுக்கொண்டு இஸ்திரி போட்டதில் வலது ஆட்காட்டி விரல் கருகிவிட்டது. இப்போது ஒன்பது விரல் மேடம், ஒரு விரல் வாயாடி.

முள்கரண்டி பழகினேன். பக்கத்து ஓட்டல் மேசைத்துணி எல்லாம் என்னிடம்தானே வரும்? அந்த மேலாளரிடம் கேட்டேன், மத்தியானக் கூட்டம் குறைந்ததும் ஒரு மேசை கொடுத்தார். முதல் நாள் கத்தியை அழுத்தியதில் இறைச்சித் துண்டு பறந்து அடுத்த மேசைக்காரர் நெஞ்சில் விழுந்தது. அவர் எழுந்து கத்துவதற்குள், ‘சட்டையக் கழட்டிக் குடுங்க சார், நாளைக்குப் புதுசாத் தரேன்’ என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அவர் என் வாடிக்கையாளர். படிப்பும் ஆச்சு, வியாபாரமும் ஆச்சு.

வியாபாரம் என்றேனே, அது இனி இல்லை. கடையைக் கொடுத்துவிட்டேன், அக்கா. அத்தனை நாள் பூட்டிக் கிடக்க விட மாட்டேன் என்று கட்டிடக்காரர் சொல்லிவிட்டார். எதிர்க்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம். நீராவி இஸ்திரி மேசையைத் தூக்கிப்போனபோதுகூடச் சும்மா கேலி பேசிக்கொண்டுதான் நின்றேன். பெயர்ப்பலகையைக் கழற்றியபோது மட்டும் என்னவோ வாய் வரவில்லை. எதிர்க்கடைக்காரருக்கே பயம் வந்துவிட்டது. ‘என்னம்மா, உடம்பு சரியில்லியா?’ என்று கேட்டார்.

அப்புறம், ‘கப்பல்லேருந்து திரும்பி வந்து என்ன பண்ணுவே?’ என்றார்.

‘எங்க அக்கா வீட்டுல எனக்குன்னு ரூமு இருக்குங்க. சன்னல் வச்ச ரூமு!’ என்று கொஞ்சம் அலட்டிக்கொண்டேன். அவர் ஒரு மாதிரியாகச் சிரித்தார். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் ஸ்வீட்காரர்களுக்கெல்லாம் கப்பல் கம்பெனி விருந்து வைக்கிறது, நீயும் வா என்று அட்டை அனுப்பியிருக்கிறாயே, வருகிறேன். ஏழு வருடம் கழித்து உன்னைப் பார்க்கப் போகிறேன். நீ மூக்கைப் பொத்தாமல் இருந்தால் நான் சிரிக்காமல் இருக்கிறேன். பேச்சு பேச்சாக இருக்க வேண்டும்.

உன் வாயாடி


23 ஜூன் 2024

நேற்று விருந்தில் நீ செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு ஸ்வீட்களின் பயணிகளும் அந்த மேசையில் இருந்தார்கள். கப்பல் தலைவர் இருந்தார். அடுத்த வருடம் நான்கு மாதம் நான் முகத்தில் விழிக்க வேண்டிய ஒவ்வொருவரும் இருந்தார்கள். நீ உட்காரவே இல்லை. இரண்டு மணி நேரம் என் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றாய். பரிமாறுபவரின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கி எனக்கு நீயே பரிமாறினாய். ‘மொதலாளியம்மா, சூடா இருக்கு, ஊதித் தரட்டுமா?’ என்று கேட்டாய். கைத்துண்டை எடுத்து என் வாயைத் துடைத்தாய்.

914க்கு அடுத்த அறைப் பெண்மணி பரிதாபப்பட்டு, ‘எத்தனை வருஷமா இவங்ககிட்ட வேலை பாக்கறே?’ என்று கேட்டார். அதற்கு நீ சொன்னது: ‘பொறந்ததுலேருந்துங்க. ஒரே வயித்துலதான் ரெண்டு பேரும் வேலைக்குச் சேந்தோம்.’

மேசை முழுவதும் சிரித்தது. அப்புறம் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தி என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மூக்கைப் பார்த்தார்கள். நெற்றியைப் பார்த்தார்கள். அதற்கு மேல் சொல்வதற்கு என்ன இருந்தது? ஆனாலும் நீ விடவில்லை. அம்மாவின் மூட்டைகளைப் பற்றியும் சொன்னாய். எந்த வார்டு மூட்டை மெத்தென்று இருக்கும் என்பது வரைக்கும் சொன்னாய்.

இன்று காலை கப்பல் நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். 914இன் இரண்டாவது இடத்திலிருந்து உன் பெயர் நீக்கப்பட்டது.

அக்கா


30 ஜூன் 2024

மதிப்புக்குரிய முதலாளியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. விருந்தில் என்ன நடந்தது என்று விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். அதை நான் எழுதுகிறேன்.

நான் முதலில் உட்காரத்தான் வந்தேன். கருகிய விரலை மடக்கி மறைத்துக்கொண்டு, உங்கள் பக்கத்து நாற்காலியை இழுத்தேன். தட்டுக்கு முன்னால் ஒரு சின்ன அட்டை நிறுத்தியிருந்தார்கள். முதல் வரியில் என் பெயர். அச்சில் என் பெயரை நான் பார்த்ததே இல்லை. தடவிப் பார்த்தேன். அடுத்த வரியைக் கூட்டினேன். உ. த. வி. யா. ளர்.

பரிமாறுகிறவருடைய அட்டை தவறி இங்கே வந்துவிட்டது என்று நினைத்தேன். அவரைக் கூப்பிட்டு, ‘இந்தாங்க தம்பி, உங்களுது இங்க கெடக்கு’ என்று கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்தார். ‘இது உங்களுதுதாங்கம்மா. பதிவு பண்ணினப்போ உறவுன்னு இருக்கற எடத்துல இப்படித்தான் எழுதியிருக்காங்க’ என்று மெதுவாகச் சொன்னார். எவ்வளவு நல்ல மனுசன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

உங்களைப் பார்த்தேன். நீங்கள் கைத்துண்டை மடித்துக்கொண்டிருந்தீர்கள். நாலாக மடித்து, எட்டாக மடித்து, அதையும் மடிக்கப் பார்த்தீர்கள்.

சரி, வேலை என்று கொடுத்துவிட்டார்கள். வாங்கின வேலையை அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் நின்றேன், பரிமாறினேன், வாய் துடைத்தேன். குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் பதிவு செய்தது போன வருடம் பிப்ரவரியில். எனக்குக் கடிதம் எழுதும் முன்பே அந்தச் சொல்லை எழுதியிருக்கிறீர்கள். அறையையும் ஆளையும் ஒரே நாளில் முன்பதிவு செய்திருக்கிறீர்கள். நான்தான் பதினாறு மாதமாகத் தங்கை என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பெயரை நீக்கியது சரி. பின்னறை என்ன ஆச்சு?

தங்கள் உதவியாளர்


10 ஜூலை 2024

நான்தான் அப்படி எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. என்னோடு வருகிறவள் எனக்கு உதவ வேண்டும். அதற்கு அதுதான் பெயர். தங்கை என்று எழுதினால் முகச் சாயலைப் பார்ப்பார்கள், பிறகு கேள்விகள் வரும். முப்பது வருடம் ஏற்றுமதி அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் காத்து வைத்ததை நீ ஒரு விருந்தில் கொட்டிவிட்டாய்.

உன் இடத்தை என் அலுவலகத் தோழிக்குக் கொடுத்துவிட்டேன். படித்தவர். எங்கே பேச வேண்டும், எங்கே பேசக் கூடாது என்று தெரிந்தவர்.

பின்னறையில் பெட்டிகளை அடுக்கிவிட்டேன். கடையை விட்டது உன் முடிவு. என் கடிதத்தை மறுபடி கூட்டிப் படித்துப் பார். ‘விட்டுவிடு’ என்று எழுதவில்லை. ‘முடியாவிட்டால் விட்டுவிடு’ என்று எழுதியிருக்கிறேன்.

இனி எழுதாதே.


22 ஜூலை 2024

முதலாளியம்மா அவர்களுக்கு,

கூட்டிப் படித்தேன். நீங்கள் சொன்னது சரி. ‘முடியாவிட்டால்’ என்று இருக்கிறது. அந்தச் சொல்லை நான் தாண்டிப் போயிருக்கிறேன். நாலாம் வகுப்புதானே.

பயணம் நன்றாக அமையட்டும். ஒரே ஒரு யோசனை. அழுக்குத் துணியைச் சேர்த்துவைக்காதீர்கள். கப்பலிலேயே துவைத்துக் கொடுப்பார்களாம்.

உங்கள் பழைய உதவியாளர்


17 ஜனவரி 2025

914 அறை அம்மா அவர்களுக்கு,

பயப்படாதீர்கள். உங்கள் இரவு உடையில் குத்தியிருக்கும் இந்தத் தாள் தவறி வந்ததில்லை. ஊக்கைப் பார்த்துக் கழற்றுங்கள், விரலில் ஏறிவிடும்.

நான் கீழே இருக்கிறேன். இரண்டாம் தளம், சலவைப் பிரிவு. உங்கள் காலுக்குக் கீழே ஏழு மாடி.

கடை போனபின் ஓட்டல் மேலாளர்தான் சொன்னார், கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று. ஐம்பது வயது வரைக்கும் எடுப்பார்களாம். எனக்கு நாற்பத்தெட்டு. பாஸ்போர்ட் கையில் இருந்தது, அதற்கு உங்களுக்குத்தான் நன்றி. எந்தக் கப்பல் வேண்டும் என்று கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. நீங்கள் இரண்டு வருடம் முன்பே பதிந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! தேதி தெரியும், கப்பல் தெரியும், அறை எண்கூடத் தெரியும். ஒன்பதாம் தளத்து மூட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கடலுக்குள்ளேயே இருக்கிறேன், இன்னும் கடலைப் பார்க்கவில்லை. இருட்டில் ஏற்றி நேராகக் கீழே இறக்கிவிட்டார்கள். எங்கள் தளம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. சன்னல் கிடையாது. பன்னிரண்டு துவைக்கும் எந்திரம், விரிப்பை விழுங்கி மடிப்பில்லாமல் துப்பும் பெரிய உருளை ஒன்று, முப்பது பேர். மேற்பார்வையாளர் வரும்போது மட்டும் எல்லோரும் வாயை மூடுவார்கள். நான் மூடுவதில்லை. அவருக்கும் பழகிவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தோழி எப்படிப்பட்டவர்? பெரிய படிப்பாளி என்றீர்கள். அவர் தூங்கவே மாட்டாரா? ஸ்வீட்களுக்கு விரிப்பும் உறையும் தினமும் மாற்ற வேண்டும் என்பது விதி. உங்கள் அறையிலிருந்து இரண்டு தலையணை உறை வருகிறது. ஒன்றில் தலைமயிர், முகப்பூச்சு, கண் மை. இன்னொன்று நான் போட்ட மடிப்போடு அப்படியே வருகிறது. என் மடிப்பு எனக்குத் தெரியாதா? துண்டும் அப்படித்தான். ஒன்பது நாளாக அவர் குளிக்கவும் இல்லை போலிருக்கிறது. நாற்றம் தாங்குகிறதா? நீங்கள்தான் மூக்கைப் பொத்துவதில் கெட்டிக்காரர்.

இரண்டாம் தளம், சலவை


18 ஜனவரி 2025

என்ன துணிச்சல் உனக்கு!

தோழி பால்கனி நாற்காலியில் தூங்குகிறார். அவருக்குக் காற்று வேண்டும். சொந்தத் துண்டு கொண்டுவந்திருக்கிறார். உனக்கு விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

இன்னொரு முறை இப்படிக் குத்தி அனுப்பினால் மேலதிகாரியிடம் புகார் கொடுப்பேன்.


11 பிப்ரவரி 2025

அக்கா,

தோழியை விடு. பால்கனியில் தூங்குகிறவள் மூன்று வாரமாக மழைக்கும் எழுந்துவரவில்லை என்றால் மீன் தின்றிருக்கும்.

இது வேறு. இதைக் கேலியாக எழுத நேற்றிலிருந்து முயற்சி செய்கிறேன், வரவில்லை.

எட்டு நாளாக உன் விரிப்பு ஈரமாக வருகிறது. தண்ணீர் ஈரம். யாரோ துவைத்துப் பிழிந்து மூட்டையில் போட்டிருக்கிறார்கள். முதல் நாள் எதையோ கொட்டிவிட்டாய் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் விரிப்பைப் பிரித்து மேசையில் போட்டேன். பிழிந்த முறுக்கு இடப்பக்கமாக ஓடுகிறது. இந்தக் கப்பலில் முப்பது பேரும் வலப்பக்கம்தான் பிழிவார்கள், உலகமே அப்படித்தான் பிழியும். இடப்பக்கம் பிழிகிறவர்கள் மூன்றே பேர். அம்மா, நான், நீ. அவள் வலது மணிக்கட்டு ஒடிந்து கோணிப்போயிருந்தது, நாம் அவளைப் பார்த்துப் பழகினோம்.

முப்பத்தைந்து வருடம் துணி துவைக்காதவள் பளிங்குத் தொட்டியில் மண்டி போட்டுத் துவைக்கிறாய்.

எத்தனை நாளாக இது, அக்கா? மருத்துவர் தனியாகப் போகாதே என்றது இதற்குத்தானா?

வாயாடி


12 பிப்ரவரி 2025

ஆமாம். இதற்குத்தான்.

மூன்று வருடமாகிறது. முதலில் எப்போதாவது. இப்போது படுத்தால் விடியும்போது நிச்சயம். அறையைச் சுத்தம் செய்ய வருகிற பெண் பார்த்துவிடுவாள் என்று, அவள் வருவதற்குள் துவைத்துவிடுகிறேன். நேற்று தொட்டியிலிருந்து எழ முடியவில்லை. அரை மணி நேரம் ஈர விரிப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தோழி என்று யாரும் இல்லை. இரண்டு பேரைக் கேட்டேன். இருவரும் காரணம் சொன்னார்கள்.

அந்தப் படிவத்தில் உறவு என்ற இடத்துக்கு வந்ததும் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மாவுக்கு இது நடந்தபோது நான் வாசலோடு நின்றவள். அதே வேலையை என் தங்கையிடம் எனக்குச் செய் என்று எந்த வாயால் கேட்பது? உதவியாளர் என்று எழுதிவிட்டால் கேட்க வேண்டியதில்லை. வேலையோடு வேலையாகப் போய்விடும் என்று நினைத்தேன். என் புத்தி அப்படித்தான் போயிற்று.

மேலே வந்துவிடு. இரண்டாவது படுக்கை காலியாகத்தான் இருக்கிறது. வரவேற்பில் கேட்டு மாற்றுப் படிவம் வாங்கிவிட்டேன், இதோடு வைத்திருக்கிறேன். உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நீ உன் கையெழுத்தைப் போட்டால் போதும். காலையில் பால்கனியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டும் வரை கடல். நீ பார்க்க வேண்டும்.

பின்னறையைக் காலி செய்யச் சொல்கிறேன். பின்னறை வேண்டாம், முன்னறையே எடுத்துக்கொள்.

நேற்று நீ என்னை நீ என்று எழுதியிருந்தாய். அதைப் பல தடவை படித்தேன்.

உன் அக்கா, குண்டூசி


14 பிப்ரவரி 2025

914 அறை அம்மா அவர்களுக்கு,

தங்கள் மூட்டை கிடைத்தது. விரிப்பு, துண்டு, உறை எல்லாம் துவைத்து மடித்து அனுப்பியிருக்கிறேன்.

இனி நீங்கள் துவைக்க வேண்டாம். வெந்நீரில் அலசினால் கறை இன்னும் உள்ளே இறங்கும். அப்படியே சுருட்டி மூட்டையில் போடுங்கள். உங்கள் மூட்டையை என்னைத் தவிர யாரும் பிரிக்காமல் பார்த்துக்கொள்கிறேன். பழைய கம்பளியை நாலாக மடித்து மெத்தை ஒன்று தைத்து வைத்திருக்கிறேன், விரிப்புக்கு அடியில் போடலாம். அம்மாவுக்குத் தைத்த அதே அளவு. நீங்களே விரித்துக்கொள்ளலாம், அதற்கு உதவியாளர் தேவைப்படாது.

மேற்பார்வையாளரிடம் படிவத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, ‘அட, மேல உன் அக்காவா! இத்தனை நாளாச் சொல்லவே இல்ல. கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பு, இங்க நான் பாத்துக்கறேன்’ என்றார். பேனாவையும் அவரே கொடுத்தார். அதனால் வர முடியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை. வர முடியும். ‘முடியாவிட்டால்’ என்ற சொல்லை இந்தத் தடவை நான் தாண்டிப் போகவில்லை.

த. ங். கை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இதற்கு முன் எந்தக் கடிதத்திலும் நீங்கள் என்னை அப்படி ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. நல்ல சொல்தான். விரிப்பு ஈரமானதும் எழுதியிருக்கிறீர்கள்.

நேற்று சரக்கு இறக்கக் எங்களுக்கு மேல் தளத்துப் பக்கக் கதவைத் திறந்தபோது கடலைப் பார்த்துவிட்டேன். அவ்வளவு பெரியது என்று யாரும் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தது. கடையில் பலகை கழற்றிய அன்றைக்குப் பிறகு நேற்றுதான் எனக்கு வாய் வராமல் போனது. பால்கனியில் இருந்து பார்த்தால் இதைவிட நன்றாக இருக்குமாயிருக்கும்.

இன்னும் எழுபத்தைந்து நாள் இருக்கிறது. இரண்டாவது தலையணையை அப்படியே வைத்திருங்கள். எனக்கு ஓர் உறை வேலை மிச்சம்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன், கையெழுத்துப் போடவில்லை. அதன்மேல் ஒரு சீட்டு குத்தியிருக்கிறேன். கப்பலிலும் அந்தச் சீட்டு உண்டு. இங்கே ஓரத்தில் தங்கக் கோடு போட்டு அச்சடித்திருக்கிறார்கள், வாசகம் என்னவோ அதே மூன்று வரிதான். எங்களால் ஆனதெல்லாம் செய்தோம். இந்தக் கறை போகாது. வருந்துகிறோம்.

அதில் கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டேன்.

இரண்டாம் தளம், சலவை